கால் ஆழாக்கு மாம்பழக் கூழ்

அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாரும் அவருக்கு நைனாதான். எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படிக் கூப்பிடுவார்கள். செல்லமாகப் பிள்ளைகளையும் கூப்பிடுவதுண்டு. அவரோ பால்காரர், பஸ் கண்டக்டர், வகுப்பின் பின்வரிசைப் பையன், நான் என்று பாகுபாடில்லாமல் அத்தனை பேரையும் நைனா என்றார்.

அவர் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பா பெயரோடு கள் என்ற சொல் சேர்ந்து அச்சில் வர வேண்டாம். ஆனால் அந்தக் கள்ளைப் பற்றி எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. அதைக் கொண்டுவந்தவன் நான்.

ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்தத் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்று சித்தூர் டீக்கடைகளில் தினமும் பேச்சு. எனக்கு அங்கே அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை. மனைவி திருத்தணிப் பக்கம் எங்கள் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கல்யாணம் ஆகாதவர். சர்ச்சுக்குப் பின்னால் மிஷன் கொடுத்த ஓட்டு வீட்டில் இருந்தார். மூன்றாவது ஆள் நரசிம்முலு, சந்திரகிரிக்காரன், ரோடு போடும் இலாகாவில் ஓவர்சியர். ஹோட்டல் சோறு மூவருக்கும் அலுத்துப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஆராதனை முடிந்து வந்ததும் அந்த ஓட்டு வீட்டில் எதையாவது சமைத்துப் பார்ப்போம். யாருக்கும் ஒழுங்காகச் சமைக்கத் தெரியாது. தெரியாததால்தான் அது விளையாட்டாக இருந்தது.

அடுப்பு ஏற்பாடு அவருடையது. இரும்பு அண்டாவில் நீவா ஆற்று மணலை அரைவாசிக்குக் கொட்டுவார். மணல் மேல் ஒரு முக்காலி, முக்காலி மேல் கேக் தகரம், மூடிமேல் கரி நெருப்பு. சூடு சரியா என்று பார்க்க ஒரு துண்டு காகிதத்தை மணலில் போட்டு எண்ணுவார். முப்பது எண்ணுவதற்குள் பழுப்பானால் சூடு அதிகம்; அறுபது ஆனாலும் வெள்ளையாக இருந்தால் போதாது. அவர் வாய்விட்டு எண்ணும்போது நாங்கள் இருவரும் பேசக் கூடாது. நரசிம்முலு வேண்டுமென்றே இடையில் தெலுங்கில் வேறு எண்ணைச் சொல்லிக் குழப்புவான். அவர் நிறுத்தி, சிரித்துவிட்டு, புதிதாக ஒரு காகிதம் போட்டு ஒன்றிலிருந்து தொடங்குவார்.

செய்ததையெல்லாம் சிவப்பு அட்டை போட்ட ஒரு நீள நோட்டில் எழுதுவார். மாவு எவ்வளவு, வெல்லம் எவ்வளவு, எத்தனை நிமிஷம், கடைசியில் பலன். பலன் என்ற தலைப்பின் கீழே பெரும்பாலும் ஒரே சொல்தான்: வேகவில்லை. அல்லது கருகியது.

ஒருமுறை நரசிம்முலு கேழ்வரகு மாவில் கேக் செய்தே தீருவேன் என்று நின்றான். சங்கடி என்கிற கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த உடம்பு அவனுக்கு. தகரத்திலிருந்து அதை எடுக்க உளி தேவைப்பட்டது. நான் அவனிடம், இதைச் சந்திரகிரிக்கு எடுத்துப் போனால் கோட்டையில் விழுந்த இடத்தில் வைத்துப் பூசிவிடலாம் என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அவர் ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். "மணல்ல சூடு கம்மியாப் பூடுச்சி. அது நம்ம தப்பு" என்றார். மணலைச் சூடாக்கியது அவரும் இல்லை, நரசிம்முலுவும் இல்லை. நான்.

இதுதான் அவர். எது கெட்டாலும் அது யார் கையால் கெட்டது என்று பேசவிடமாட்டார். ஒருநாள் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. யார் போட்டது என்று நானும் நரசிம்முலுவும் சண்டை பிடித்தோம். அவர் தட்டை நிமிர்த்தி வைத்து, "சட்டியில பேரு எழுதறதில்ல நைனா, தண்ணி ஊத்திக்கினு துன்னு" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் அது ஒரு சட்டமாகிவிட்டது. தகரத்தின் ஓரத்தில் கருகிய பாகம் எப்போதும் அவர் தட்டுக்குப் போகும். கருகினதுதான் தனக்குப் பிடிக்கும் என்பார். யாருக்கும் அது பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மஞ்சளாக வெந்த நடுப்பாகத்தை வாங்கிக்கொள்வேன்.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானாம். அவர் வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. உடைத்தவன் யாரென்று தலைமையாசிரியர் கேட்டபோது, "வகுப்பு ஒடைச்சது சார்" என்றாராம். கரும்பலகையில் பேசுகிறவர்கள் பெயரை எழுதி வைக்கிற வழக்கத்தையும் தன் வகுப்பில் நிறுத்தியிருந்தார். பையன்கள் அவரைக் கொஞ்சம் ஏய்த்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். இருக்கும்.

முதன்முதலாக ஒரு கேக் சரியாக வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நரசிம்முலு கத்தியை வாங்கி அதன் நடுவே கோணலாக ஒரு கோடு போட்டு, "திருத்தணி மீகு, சித்தூர் மாகு, செட்டில்மெண்ட் அயிபோயிந்தி" என்றான், திருத்தணி உங்களுக்கு, சித்தூர் எங்களுக்கு, தகராறு தீர்ந்தது என்று. நான் விடவில்லை. சித்தூரில் தமிழ் பேசுகிறவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பாய் என்று கேட்டேன். விளையாட்டாக ஆரம்பித்த பேச்சு சூடாகிவிட்டது. ஊரே அப்படித்தான் இருந்தது அப்போது. அவர் எங்கள் கையிலிருந்து தட்டைப் பிடுங்கி, கேக்கை உதிர்த்து, ஸ்பூனால் கலந்து, மூன்று கிண்ணத்தில் போட்டார். "இப்ப எல்லைய கண்டுபுடிங்கடா" என்றார். அவர் 'டா' போட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

ரொட்டி ஆசையும் அவருடையதுதான். அவருடைய மாமா ஒருவர் வெள்ளைக்காரப் பாதிரியார் வீட்டில் சமையல்காரராக இருந்தவர். அந்த மாமா மாவைக் கள் ஊற்றிப் புளிக்கவைத்துத்தான் ரொட்டி சுடுவாராம். அந்த வாசனை இன்னும் தன் மூக்கை விட்டுப் போகவில்லை என்பார் இவர். ஈஸ்ட் அப்போது சித்தூரில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கள் இருந்தால் போதும். ஆனால் மதுவிலக்கு. போதாததற்கு அவர் சபையில் குடி என்பது சொல்லவே கூடாத பாவம். பொங்கல் கரும்புச் சாறு புளித்திருந்தாலும் துப்புகிற மனுஷர் அவர். அதனால் கேட்கத் தயங்கினார். நான்தான் வீறாப்பாக, எங்கள் ஊரில் பதநீர் இறக்குகிறவர் ஒருத்தர் மருந்துக்கென்று ஒரு பானையைச் சுண்ணாம்பு தடவாமல் கள்ளாகப் புளிக்க விடுவார், கொண்டுவருகிறேன் என்றேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய், சனிக்கிழமை காலை பஸ்ஸில் திரும்பும்போது இருமல் மருந்து பாட்டிலில் கொண்டுவருவேன். வாயில் பஞ்சு அடைத்து மேலே துணி கட்டியிருப்பேன். அவர் அதைக் கையில் வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாவில் ஊற்றியதும் பாட்டிலை மூன்று தடவை கழுவுவார். மறுநாள் மத்தியானம் மாவு பானை விளிம்புவரை எழும்பி நிற்கும். அவர் ஒரு விரலால் அதை மெல்ல அழுத்திப் பார்ப்பார். குழி மெதுவாக நிரம்பும். அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை வேறு எவர் முகத்திலும் நான் பார்த்ததில்லை.

இனி என் தவறு.

அந்த வருஷம் எல்லைத் தீர்வு வந்து, திருத்தணிப் பக்கம் சென்னையோடு சேர்வது உறுதியாயிற்று. சென்னைப் பக்கம் வேலைக்குப் போக விருப்பம் எழுதிக் கொடுத்த குமாஸ்தாக்களின் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. என் பெயர் அதில் இருந்தது. நிலம் அங்கே, மனைவி அங்கே. பட்டியல் மேலே போகும்வரை எந்தக் கறையும் படாமல் இருக்க வேண்டும்.

மாம்பழம் வரத் தொடங்கிய நேரம். மாம்பழம் சேர்த்து ரொட்டி செய்யலாம் என்று அவர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கான கள்ளோடு நான் திரும்பிய சனிக்கிழமை, சித்தூர் பஸ் நிலையத்தில் மதுவிலக்குப் போலீஸ் மூட்டைகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று புத்தூரிலேயே யாரோ சொன்னார்கள். வாசனை வரக் கூடாதே என்று நான் பஞ்சை எடுத்துவிட்டுத் தக்கையை இறுக்கி அடித்தேன். அதன்மேல் மெழுகுவர்த்தி வாங்கி உருக்கி ஊற்றினேன். போலீஸ் என் பையைத் தொடவே இல்லை. நேராக அவர் வீட்டுக்குப் போய், அவர் வெளியே போயிருந்ததால், அலமாரித் தட்டில் பாட்டிலை வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். தக்கையைத் திறந்து வைக்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி வைக்கவில்லை. உயிருள்ள கள் மூடிய பாட்டிலில் நிற்காது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சாயங்காலம் அவர் என் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். மூன்று மணிக்குப் பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவரும் இன்னும் இரண்டு பெரியவர்களும் வீட்டு ஜெபத்துக்கு வந்தார்களாம். எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது அலமாரியில் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். தலைவரின் வெள்ளைச் சட்டை முழுக்க நுரை.

"கண்ணத் தொறந்து பாக்கறேன், தக்கை அவரு மடியில கீது நைனா" என்று சொல்லி அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன ஆகும் என்று கேட்டேன்.

"திங்கக்கெழம கமிட்டி முன்னால வரச் சொன்னாங்கோ. இன்னா ஆவும்? நோட்டுதான் கீதே. மூணு மாசமா எவ்ளோ கள்ளு, எவ்ளோ மாவுன்னு எழுதி வெச்சிக்கினு கீறேன். எடுத்துக் காட்டுனா முடிஞ்சிது."

நோட்டு என்ற சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. எவ்வளவு கள் என்று எழுதியவர் யார் கொண்டுவந்தது என்றும் எழுதியிருப்பார். அரசாங்கக் குமாஸ்தா கள் கடத்தினான் என்று அது கமிட்டியிலிருந்து போலீசுக்கும் போலீசிலிருந்து என் ஆபீசுக்கும் போகும். பட்டியலில் என் பெயர் அடிபடும். வேலையே போகலாம். ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் ஆராதனையில் இருந்த நேரம் பார்த்துப் போனேன். சாவி நிலைப்படிக்கு மேலே இருக்கும். அது எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும். நரசிம்முலு தங்கை கல்யாணத்துக்குச் சந்திரகிரி போயிருந்தான். சர்ச்சில் பாடுவது கேட்டுக்கொண்டிருந்தது. நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். அதில் ஒரு பெயர்கூட இல்லை. 'கள் ஒன்றரை ஆழாக்கு, ஊரிலிருந்து வந்தது' என்று மட்டும் இருந்தது. கேழ்வரகுக் கேக்குக்குக் கீழே 'மணல் சூடு போதவில்லை' என்று இருந்தது. தேதியும் மணியும் போட்டுக் கடைசியாக எழுதியது சனிக்கிழமை மத்தியானம், ஜெபத்துக்கு ஆள் வருவதற்கு முன்பு. 'மாம்பழ ரொட்டி. கூழ் கால் ஆழாக்கு போதும். மேலே போனால் நடு வேகாது.' அதற்குக் கீழே பலன் என்று எழுதி, இடம் விட்டிருந்தார்.

அந்த நோட்டு அவரைக் காப்பாற்றியிருக்கும். எனக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. அப்போது மணி பத்தரைகூட ஆகவில்லை. ஆராதனை முடியவில்லை. பத்து நிமிஷ நடைதான். எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். போகும் வழியில் யாராவது பார்த்துவிட்டால் என்று நினைத்தேன். பிறகு சாயங்காலம் போகலாம் என்று நினைத்தேன். சாயங்காலம், அவர் வீட்டில் இருப்பாரே, என்ன சொல்லிக் கொடுப்பது என்று நினைத்தேன். திங்கட்கிழமை வந்துவிட்டது.

கமிட்டி பள்ளிக்கூட நூலக அறையில் கூடியது. அவரோடு பழகியவன் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. ரொட்டிக்காகத்தான் என்று அவர் சொன்னார். நோட்டு எங்கே என்று கேட்டார்கள். வைத்த இடத்தில் காணோம் என்றார். ஒருவர் மெல்லச் சிரித்தார்.

"கள்ளை உமக்குக் கொண்டுவந்து கொடுத்தது யார்? அதையாவது சொல்லும். அந்த ஆளை விசாரித்துத் தெரிந்துகொள்கிறோம்" என்றார் தலைவர்.

அவர் குரல் ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"சட்டியில பேரு எழுதறதில்லீங்க ஐயா."

அவர்களுக்கு அது திமிராகப் பட்டிருக்க வேண்டும். நாற்காலிகள் நகர்ந்தன. என்னை உள்ளே கூப்பிட்டார்கள். இவர் ரொட்டிக்குத்தான் கள் வைத்திருந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று தலைவர் கேட்டார். அவரோ மேஜை ஓரத்தில் நின்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் செய்த ரொட்டியைச் சாப்பிட்டிருக்கிறேன். அதில் என்ன போடுவார் என்று நான் கேட்டதில்லை" என்றேன்.

வெளியே வந்தபோது அவர் என் பின்னாலேயே வந்தார். படியில் என் தோளில் கை வைத்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "துன்னியா நைனா? மணி ரெண்டாவுது" என்றார்.

போலீசுக்குச் சொல்லாமல், அவராகவே வேலையை விட்டதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். சந்திரகிரியிலிருந்து திரும்பிய நரசிம்முலு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அந்த நோட்டு எங்கடா?" தெரியாது என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனான். அதன்பின் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. பட்டியலில் என் பெயர் வந்தது. நான் சென்னைப் பக்கம் போனேன், பதவி உயர்ந்தேன், பென்ஷன் வாங்கினேன். நோட்டும் என்னோடு ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது. எரித்துவிடவும் முடியவில்லை.

அவர் திருப்பதிக்குப் போய் ஒரு சந்தில் சின்னதாக அடுப்புப் போட்டு, பன்னும் ரொட்டியும் சுட்டு விற்கிறார் என்று பல வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன். மலைக்குப் போகிறபோதெல்லாம் அந்தச் சந்தைத் தவிர்த்து வேறு வழியாகப் போவேன். ஓய்வு பெற்ற பிறகு, பேத்திக்கு மொட்டை போட வந்த ஒரு நாள், வீட்டு மனுஷர்களைச் சத்திரத்தில் விட்டுவிட்டு நானாகவே நடந்து போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

தலை நரைத்து, காதில் பென்சிலோடு கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், நேற்றுப் பிரிந்தவரைப் போல, "வா நைனா, வெயில்ல வந்துக்கினு கீறியே" என்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மனைவி, மக்கள், நரசிம்முலு கடப்பாவில் வீடு கட்டியது எல்லாம் பேசினோம். இப்போது ஈஸ்ட் டப்பாவிலேயே வருகிறது என்று எடுத்துக் காட்டினார். சுடச்சுட இரண்டு பன் தட்டில் வைத்தார். நான் சொல்ல வாயெடுத்தேன். பன்னைப் பிய்த்து வாயில் போட்டேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் மாம்பழம் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நாம ஒரு மாம்பழ ரொட்டி போடறதா இருந்தமே, அதுக்குக் கூழு எவ்ளோன்னு ஞாபகம் கீதா நைனா?"

"கால் ஆழாக்கு" என்றேன்.

"மேல போனா?"

"நடு வேகாது."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ரொட்டியை நாங்கள் செய்யவே இல்லை. அளவை அவர் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. சனிக்கிழமை மத்தியானம் தனியாக உட்கார்ந்து எழுதியது. அவர் கணக்கு வாத்தியார். சாவி இருக்கும் இடம் தெரிந்தவர்கள் மூவர், ஒருவர் அவர், ஒருவன் சந்திரகிரியில். அந்தக் கழித்தலை அவர் அந்தத் திங்கட்கிழமையே போட்டிருப்பார். இத்தனை வருஷம் கழித்து எனக்குப் பேச ஓர் இடம் கொடுத்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றம் சாட்டாத மனுஷரிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் என் தட்டில் அடி கருகியிருந்த பன்னை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, நன்றாக வெந்த ஒன்றை எனக்கு வைத்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை இழுத்துப் பிரித்து, 'மாம்பழ ரொட்டி. கூழ் கால் ஆழாக்கு. மேலே போனால் நடு வேகாது' என்று எழுதினார்.

யார் சொன்னது என்று எழுதவில்லை.